ரக்கூனும் நம் ஏற்காட்டு மரநாயும்: ஞாயிறு கேள்வி பதில்

நான் கால்நடை மருத்துவர், காட்டு விலங்குகளின் நோய்கள்தான் என் துறை. அதற்குள் வருவதை விரிவாகச் சொல்கிறேன், மற்றதை விட்டுவிடுகிறேன்.

அஸ்தம்பட்டி: ஏற்காட்டு விடுதிச் சுவரில் ரக்கூன் நடப்பதாக ஒரு வீடியோ சுற்றுகிறதே, உண்மையா?

அது மரநாய். ரக்கூன் வட அமெரிக்க விலங்கு, நம் காடுகளில் கிடையாது. வாலைப் பாருங்கள். ரக்கூன் வாலில் வளையம் வளையமாக இருக்கும், மரநாய்க்கு ஒரே கறுப்பு. பெயரில் நாய் இருந்தாலும் மரநாய் பூனை, கீரிப் பக்கத்துச் சொந்தம். ரக்கூன்தான் நாய், கரடிப் பக்கம்.

நாகலூர்: எங்கள் காபித் தோட்டத்தில் நேற்றுப் பகலில் ஒரு மரநாய் வந்தது. விரட்டினாலும் ஓடவில்லை, பிள்ளைகள் பழம் கொடுத்தார்கள். பழகிவிட்டதா?

ஐயா, இன்றைக்கு வந்ததில் இதுதான் முக்கியமான கேள்வி. காட்டு விலங்கு திடீரென்று சாதுவானால் முதலில் நோயைத்தான் நினைக்க வேண்டும். அமெரிக்காவில் ரக்கூன்களிடம் இதை நிறையப் பார்த்திருக்கிறார்கள்: டிஸ்டெம்பர் என்ற வைரஸ் மூளையைத் தாக்கியதும் மனிதரைக் கண்டால் பயம் போய்விடும், கண்ணிலும் மூக்கிலும் சளி வடியும், தள்ளாடும், சில சமயம் வலிப்பு வரும். பார்ப்பவர்கள் பாவம் பசி போல என்று கிட்டே போவார்கள். டிஸ்டெம்பர் நமக்குத் தொற்றாது, ஆனால் வெறிநோயும் கிட்டத்தட்ட இதே போலத்தான் தெரியும், அது நம்மைக் கொல்லும். எது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல எனக்கே முடியாது, இறந்த விலங்கின் மூளையைச் சோதித்தால்தான் வெறிநோயா இல்லையா என்று உறுதியாகும். பகலில் வந்தாலே நோய் என்றும் சொல்லவில்லை, குட்டி போட்ட ரக்கூன் பகலிலும் இரை தேடும். பகலில் வந்தது, தள்ளாடுகிறது, விரட்டியும் போகவில்லை என்று எல்லாம் சேர்ந்தால்தான் கவலை. தோட்டத்து நாய்களுக்கு வெறிநோய், டிஸ்டெம்பர் இரண்டுக்கும் ஊசி போட்டு வையுங்கள். 2018-இல் கிர் காட்டில் சிங்கங்களைக் கொன்றதும் இந்த டிஸ்டெம்பர்தான். வெறும் கையால் தொடாதீர்கள்.

சூரமங்கலம்: மரநாய்க் குட்டி கிடைத்தது, பால் கொடுக்கலாமா?

வேண்டாம். தாய் பக்கத்தில் இருக்கலாம், எடுத்த இடத்திலேயே விட்டுத் தள்ளி நில்லுங்கள். இரவு கழிந்தும் தாய் வரவில்லையென்றால் வனத்துறை.

செவ்வாய்ப்பேட்டை: ரக்கூன் சாப்பிடும் முன் உணவைக் கழுவுமாமே, அவ்வளவு சுத்தமா?

கழுவுவதில்லை. கூண்டில் வளர்வதுதான் உணவைத் தண்ணீரில் முக்கித் தடவுகிறது, காட்டில் இருப்பது பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை. ஓடைக்கரையில் நண்டு தேடித் துழாவும் பழக்கத்தைக் கூண்டுக்குள்ளும் காட்டுகிறது என்பது ஒரு விளக்கம்.

குகை: விஞ்ஞானப் பெயரிலேயே ‘லோட்டார்’, கழுவுபவன் என்று இருக்கிறது. ஜெர்மானியர்களும் கழுவும் கரடி என்கிறார்கள். எல்லாரும் தப்பா?

பெயர் வைத்தவர்கள் பார்த்ததைச் சொன்னார்கள், காரணத்தை ஆராய்ந்தது பிறகுதான். ரக்கூன் கையால் பார்க்கும் விலங்கு என்றே சொல்லலாம். மூளையில் தொடு உணர்வுக்கான பகுதியில் பெரும்பங்கை முன்னங்கைதான் எடுத்துக்கொள்கிறது. அந்தக் கை நரம்புகளை அளந்தபோது, தோல் நனைந்ததும் தொடு உணர்வு கூடியது. அதாவது கையில் இருப்பது என்ன என்று அறியவும் தண்ணீர் உதவுகிறது.

குகை (மறுபடியும்): அப்படியானால் பஞ்சுமிட்டாயைத் தண்ணீரில் முக்கிக் கரைத்துவிட்டுத் தேடுமே, அது?

நல்ல கேள்வி, அது என் பக்கம்தான் பேசுகிறது! பஞ்சுமிட்டாயில் என்ன அழுக்கு? கரைந்தபின் அது கையால்தான் துழாவுகிறது, கவனித்துப் பாருங்கள்.

அம்மாபேட்டை: குகைக்காரர் சொல்வதுதான் சரி. புத்தியுள்ள விலங்கு கழுவாமல் இருக்குமா?

புத்தி இருப்பதை நான் மறுக்கவே இல்லை. 1907-இல் டேவிஸ் என்பவர் 13 வகைப் பூட்டு வைத்த பெட்டிகளை ரக்கூன்களிடம் கொடுத்தார், 11 வகையைப் பத்து முயற்சிக்குள் திறந்துவிட்டன. மூளை பூனை மூளை அளவுதான், ஆனால் மூளையின் மேலடுக்கான புறணியில் நாய்க்கு இருக்கும் அளவு நரம்பணுக்கள். புத்தி வேறு, சுத்தம் வேறு. இவை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப மலம் கழிக்கும், அதில் ஒரு உருளைப்புழுவின் முட்டைகள் இருக்கும். இரண்டு முதல் நான்கு வாரத்தில் அவை தொற்றும் நிலைக்கு வரும், மனிதர் வயிற்றுக்குள் போனால் புழு மூளை வரை ஏறலாம். பிளீச்சிங் போட்டாலும் சாகாது, கொதிநீர் வேண்டும். இதற்கு மேல் கழுவுதலைப் பற்றிக் கேட்க வேண்டாம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கொண்டலாம்பட்டி: மரநாய்க் குட்டிக்கு என்ன பால்?

மேலே சூரமங்கலத்துக்குச் சொன்னதைப் படியுங்கள்.

ஓமலூர்: ரக்கூன் குட்டி வாங்கி வளர்க்க ஆசை.

வேண்டாம். ஜெர்மனியில் 1934-இல் எடர்சே ஏரிக்கரையில் விட்டது இரண்டு ஜோடி, இன்று நாடெங்கும் ரக்கூன். ஜப்பானில் செல்லமாக வாங்கியவர்கள் அது வளர்ந்து கடிக்க ஆரம்பித்ததும் காட்டில் விட்டார்கள், அங்கேயும் அதே கதை.

ஊர் சொல்லாத ஒருவர்: மரநாய் தின்று மலத்தில் கழிக்கும் காபிக்கொட்டை என்ன விலை?

விலை என் துறை அல்ல. கூண்டில் அடைத்து வெறும் காபிப் பழம் தின்ன வைப்பதை மட்டும் நான் கடுமையாக எதிர்க்கிறேன்.

வாழப்பாடி: குட்டி ஒன்று கிடைத்தது, பசும்பால்...

வேண்டாம், வேண்டாம். மூன்றாவது முறையாகச் சொல்கிறேன், பால் கொடுக்காதீர்கள், வெறும் கையால் தொடாதீர்கள்.

நாகலூர்: ஐயா, அந்த மரநாய் மதியம் செத்துவிட்டது. புதைக்கலாமா? சின்னவன் கையை நேற்று நக்கியது, கடிக்கவில்லை.

புதைக்காதீர்கள், யாரும் தொட வேண்டாம், நாய்களைக் கட்டிப் போடுங்கள், வனத்துறைக்கு உடனே சொல்லுங்கள், அவர்கள் சோதனைக்கு அனுப்பட்டும். முடிவுக்காகக் காத்திருக்க வேண்டாம். பையன் கையில் கீறல், நகக்கண் கிழிசல் எது இருந்தாலும் அந்த எச்சில் போதும். இப்போதே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள், கட்டுப் போடாதீர்கள், மஞ்சள் தடவாதீர்கள். பழம் கொடுத்த மற்றப் பிள்ளைகளையும் சேர்த்து இன்று இரவே மலையிறங்கி அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பொருள் ஊசியும் வேண்டுமா என்று கேளுங்கள். கிளம்பியதும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், நான் விழித்திருக்கிறேன்.