கேளுங்கள், சொல்கிறேன்: ரஜூலா கடைசியில் என்ன ஆனது?

பட்டர்வொர்த் வாசகி: என் தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா ஏறி பினாங்கு வந்தவர். அந்தக் கப்பல் எங்கே மூழ்கியது?

மூழ்கவில்லை அம்மா. 1926-இல் கட்டிய கப்பல், ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஓடியது. சென்னை, நாகை, பினாங்கு, கிள்ளான், சிங்கப்பூர் என்று நம் ஆட்களைச் சுமந்து திரிந்த அதை 1973-இல் இந்தியக் கப்பல் கழகத்துக்கு விற்றார்கள், பெயரும் ரங்கட் என்று மாறியது, மறு வருஷமே பம்பாயில் உடைத்துவிட்டார்கள். என் தாத்தாவும் அதில் அறையில்லாத டெக் பயணிதான். அவர் கொண்டுவந்த தகரப் பெட்டியின் பூட்டுத் தாழ் துருப்பிடித்துப் போனாலும் வீட்டில் யாருக்கும் தூக்கிப்போட மனம் வரவில்லை, அதனால் உங்கள் கேள்வி எனக்கும் வலிக்கிற கேள்விதான்.

அதே வாசகி: 8,478 டன் கப்பல் என்று படித்தேன். அவ்வளவு இரும்பா?

இங்கேதான் எல்லாரும் தடுமாறுகிறார்கள். அந்த டன் எடையே கிடையாது, கப்பலுக்குள் எவ்வளவு இடம் இருக்கிறது என்ற கொள்ளளவு. 100 கன அடி ஒரு டன். பழைய காலத்தில் எத்தனை ஒயின் பீப்பாய் ஏற்றலாம் என்று எண்ணிய வழக்கத்திலிருந்து வந்த கணக்கு. உடைப்பவர்களுக்கு இந்த எண் உதவாது. சரக்கு, எண்ணெய், தண்ணீர், ஆட்கள் எதுவும் இல்லாத வெறும் கப்பல் எவ்வளவு கனக்கும் என்று பார்ப்பார்கள், அதை எல்டிடி என்பார்கள், விலை அந்த டன்னுக்கு இத்தனை டாலர் என்றுதான் பேசப்படும்.

சுங்கை பட்டாணி வாசகர்: அவ்வளவு பெரிய கப்பலை எப்படி உடைக்கிறார்கள்?

குஜராத்தில் ஆலங் என்ற கடற்கரை, 1983 முதல் இந்த வேலை நடக்கிறது. அது இருக்கும் காம்பே வளைகுடாவில் கடல் ஏற்றம் மிக அதிகம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித் தண்ணீர் நன்றாக ஏறும் நேரம் பார்த்து, காலிக் கப்பலை முழு வேகத்தில் நேரே கரையில் ஏற்றிவிடுவார்கள். தண்ணீர் வடிந்ததும் அது சேற்றில் உட்கார்ந்துவிடும். அப்புறம் முன்பக்கத்திலிருந்து கேஸ் வைத்து வெட்டுவார்கள், பாரம் குறையக் குறைய மிச்சத்தை வின்ச் கட்டி மேலே இழுப்பார்கள். வெட்டிய தகடு உருட்டாலைக்குப் போய் வீடு கட்டும் கம்பியாகும். ஒரிசா, பீகார், உத்தரப் பிரதேசத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள்தான் பெரும்பாலும் வெட்டுகிறார்கள், ஆஸ்பெஸ்டாஸ் தூசியும் டாங்கில் தங்கிய வாயுவும் அவர்கள் உயிரோடு விளையாடுகின்றன. கப்பலில் என்னென்ன விஷப் பொருள் எங்கே இருக்கிறது என்று பட்டியல் கொடுக்க வேண்டும் என்ற ஹாங்காங் உடன்படிக்கை 2009-இல் ஏற்கப்பட்டும், நடைமுறைக்கு வந்தது 2025 ஜூன் 26-இல்தான். 16 வருஷம் மிக அதிகம், இதை நான் மன்னிக்க மாட்டேன்.

ஜெலுத்தோங் மாணவர்: கப்பலின் முன், பின் பக்கங்களுக்குத் தமிழ்ச் சொல் உண்டா?

உண்டு தம்பி. முன்பக்கம் அணியம், பின்பக்கம் அமரம். திருப்பும் கருவி சுக்கான். மலாய்க்காரர்கள் சொல்லும் 'காப்பால்' நம்முடைய 'கப்பல்'தான், அதையும் நண்பர்களிடம் சொல். 2020 கடைசி வரை கார் ஏற்றிய நம் பழைய ஃபெரி ஞாபகம் இருக்கிறதா? அது முகத்தைத் திருப்பாமலே போய் வந்தது, கார்கள் ஒரு முனையில் ஏறி மறு முனையில் இறங்கின. பட்டர்வொர்த் போகும்போது அணியமாக இருந்த முனை, ஜார்ஜ்டவுன் வரும்போது அமரம்.