ஆராதனையில் திரை: கேட்டவர்களுக்குச் சில பதில்கள்

ஆராதனையில் பாடல் வரிகளைத் திரையில் காட்டுவது பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். பல வருடமாக அந்தக் கணினி முன்னால் உட்காருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்.

கேள்வி: எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

ஸ்லைடைப் போட்டுவிட்டுக் கடைசி வரிசையில் போய் உட்காருங்கள். "கர்த்தர்" என்ற சொல்லில் மூன்று புள்ளிகளும் தனித்தனியாகத் தெரிகின்றனவா? தெரியவில்லை என்றால் பெரிதாக்குங்கள். வரிகள் நெருக்கமாகவும் இருக்கக் கூடாது. மேல் வரியில் உள்ள "கூ"வின் வால், கீழ் வரியில் உள்ள "கீ"யின் சுழியில் இடிக்கும். ஒரு ஸ்லைடுக்கு நான்கு வரி போதும். பாடுகிறவர்கள் மூச்சு விடும் இடத்தில் வரியை உடையுங்கள்.

புதிதாகத் திரை வாங்குகிறவர்களுக்கு ஒரு கணக்கு: கடைசி வரிசை இருக்கும் தூரத்தில் ஆறில் ஒரு பங்கு, திரையின் உயரம். 60 அடி தூரம் என்றால் 10 அடி.

கேள்வி: எங்கள் சபையில் ஸ்லைடு எப்போதும் தாமதமாகவே மாறுகிறது. என்ன செய்யலாம்?

எனக்கு மிகவும் வலிக்கிற விஷயம் இது. ஒரு ஞாயிறு நான் கவனித்தேன். முன் வரிசையில் ஒரு பாட்டி, பல்லவியைக் கண் மூடிப் பாடினார். சரணத்துக்குத் திரையைப் பார்த்தார், பழைய ஸ்லைடே நின்றது. அது மாறுவதற்குள் பாட்டு இரண்டு வரி தாண்டிவிட்டது. அந்தச் சரணம் முழுக்க அவர் வாய் திறக்கவில்லை.

கண் எப்போதும் குரலுக்கு முன்னே ஓடும். அதனால் கடைசிச் சொல்லைப் பாடத் தொடங்கும்போதே அடுத்த ஸ்லைடு வந்துவிட வேண்டும். கணினியில் இருப்பவரும் கூடவே பாடினால்தான் இது கைவரும். பாடல் குழுவின் ஒத்திகைக்கு அவரையும் கூப்பிடுங்கள். ஒவ்வொரு சரணத்துக்குப் பிறகும் பல்லவியைத் திரும்பப் போட்டு வையுங்கள். பாடுகிறவர் திடீரென்று வேறு இடத்துக்குப் போனால், பவர்பாயிண்டில் அந்த ஸ்லைடின் எண்ணைத் தட்டி என்டர் அழுத்தினால் போதும்.

கேள்வி: பின்னணியில் கடலலை, மேகம் என்று வீடியோ ஓடவிடலாமா?

பாட்டு வரிக்குப் பின்னால் வேண்டாம். அசைவது எதுவோ, கண் அங்கேதான் போகும்.

கேள்வி: காலை ஆராதனையில் திரை வெளிறிப்போகிறது.

ப்ரொஜெக்டரால் கருப்பு நிறத்தைக் காட்ட முடியாது. ஒளி விழாத இடம்தான் அதற்குக் கருப்பு. அங்கே ஜன்னல் வெளிச்சம் விழுந்தால் கருப்பு சாம்பலாகிவிடும். கூடத்தையே இருட்டாக்காதீர்கள், வேதாகமம் திறந்து வாசிக்கிறவர்கள் இருக்கிறார்கள். திரைக்குப் பக்கத்து விளக்கை அணைத்து, அந்த ஜன்னலுக்கு மட்டும் கனமான திரைச்சீலை போடுங்கள்.

கேள்வி: வீட்டில் சரியாகத் தெரிந்த பாட்டு, சபைக் கணினியில் ஆங்கில எழுத்தாக வருகிறது.

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்திருப்பீர்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அப்படித்தான் வரும். எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்து முறையான யூனிகோடில் அடித்து வையுங்கள். அப்புறம், சனிக்கிழமையே ஒருமுறை அதே கணினியில் திறந்து பாருங்கள்.

கேள்வி: பிரசங்கத்தின்போது திரையில் என்ன வைப்பது?

போதகர் சொல்லும் வசனம் மட்டும். வாசித்து முடித்ததும் விசைப்பலகையில் ஆங்கில B எழுத்தை அழுத்துங்கள், பவர்பாயிண்டில் திரை கருப்பாகிவிடும். மறுபடி அழுத்தினால் திரும்ப வரும்.