பாட்டுக்கும் ஒரு லாட் நம்பர்

ஆம்பூரிலிருந்து எழுதியிருக்கும் அப்பாவுக்கு வணக்கம்.

பிளஸ் டூ முடித்த பையன் ராத்திரி பகலாகக் கீபோர்டே கதி என்று கிடக்கிறான்; ஆடி மாதத்துக்கு நான்கு அம்மன் பாட்டு வாசித்துக் கொடுத்தான்; யூடியூபில் ஓடோ ஓடென்று ஓடுகிறது, பெயரும் இல்லை, கையில் வாங்கிய கூலிக்கு மேல் பைசாவும் இல்லை; பேசாமல் இன்ஜினியரிங்கில் சேர்த்துவிடவா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முன்னால் அவனை ஒன்று கேளுங்கள்: "அந்த நாலு பாட்டுக்கும் ஐஎஸ்ஆர்சி எண் என்னடா?" முழிப்பான். ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் தனியாகக் கொடுக்கும் அடையாள எண் அது. கோளாறு அவன் விரலில் இல்லை சார், அங்கேதான் இருக்கிறது.

ஷூ கம்பெனியில் பேக்கிங் சூப்பர்வைசர் என்று எழுதியிருப்பதால் உங்களுக்குப் புரியவைப்பது சுலபம். வெளிநாட்டுக்குப் போன ஷூவில் பேஸ்டிங் விட்டுப்போனால், லேபிளில் இருக்கும் எண்ணை வைத்து எந்த லாட், எந்த லைன் என்று இங்கிருந்தே பிடித்துவிடுவீர்கள். பாட்டிலும் அப்படித்தான். ஆல்பம் மொத்தத்துக்கும் உங்கள் அட்டைப்பெட்டி மாதிரியே ஒரு பார்கோடு. உள்ளே ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் தனித்தனியாக ஒரு ஐஎஸ்ஆர்சி. பன்னிரண்டு இடம்: முதல் ஐந்து, எண்ணைக் கொடுத்தவரின் முன்னொட்டு; அடுத்த இரண்டு, எண் கொடுத்த வருடம்; மீதி ஐந்து வரிசை எண். இந்தியாவில் இதைக் கவனிப்பது மும்பையில் உள்ள ஐஎம்ஐ என்ற இசை நிறுவனங்களின் சங்கம். பாட்டை ஆன்லைனில் ஏற்றித் தரும் விநியோக நிறுவனமே பெரும்பாலும் எண்ணும் போட்டுவிடும். அது 'கியூஇசட்' என்று தொடங்கினால் பதற வேண்டாம். அமெரிக்காவுக்கு ஒதுக்கிய எழுத்துதான், பாட்டு உங்கள் பையனுடையதுதான்.

அதே பாட்டை ரீமிக்ஸ் செய்தாலோ திருவிழா மேடையில் புதிதாகப் பதிவு செய்தாலோ புது எண் வேண்டும். விநியோக நிறுவனத்தை மாற்றினால் மட்டும் பழைய எண்ணையே கொண்டுபோக வேண்டும். விட்டால் ஒரே பாட்டு இரண்டு பாட்டாகி, ஓடிய கணக்கும் இரண்டாகப் பிரிந்துவிடும்.

மெட்டுக்கும் வரிகளுக்கும் வேறு எண் இருக்கிறது, ஐஎஸ்டபிள்யூசி என்று. ஒரே மெட்டைப் பத்துப் பேர் பாடினால் பத்து ஐஎஸ்ஆர்சி, ஒரே ஐஎஸ்டபிள்யூசி. உங்கள் பையன் மெட்டும் போட்டிருந்தால் மெட்டு போடுபவருக்கும் பாட்டு எழுதுபவருக்கும் ராயல்டி வசூலித்துத் தரும், 1969 முதல் இருக்கும் ஐபிஆர்எஸ் சங்கத்தில் சேரட்டும். 2012இல் திருத்திய பதிப்புரிமைச் சட்டப்படி, மெட்டு போட்டவரும் பாட்டு எழுதியவரும் ராயல்டியில் தங்களுக்குரிய பங்கை, வாரிசுக்கோ இப்படிப்பட்ட சங்கத்துக்கோ தவிர, யாருக்கும் எழுதிக் கொடுத்துவிட முடியாது. வாசிப்பு மட்டும் என்றால், 2013இல் பாடகர்களுக்காகத் தொடங்கி, பிறகு வாத்தியக்காரர்களையும் சேர்த்துக்கொண்ட இஸாம்ரா என்ற சங்கம் இருக்கிறது.

இப்போது பெயர். நம் ஊர் சங்கடமே இன்ஷியல்தான். ஆங்கிலத்தில் ஒரு பாட்டில் முன்னால், இன்னொன்றில் பின்னால், மூன்றாவதில் ஒரு எழுத்து கூடுதல். கணினிக்கு அது மூன்று ஆள். சங்கத்தில் சேர்ந்த படைப்பாளிக்கு ஐபிஐ என்று ஓர் எண் கிடைக்கும். ஒரே பெயரில் நூறு குமார் இருந்தாலும் அது குழம்பாது. அதற்கு முன் பான் கார்டு, பாஸ்புக், பாட்டு மூன்றிலும் ஒரே ஸ்பெல்லிங் இருக்கட்டும். 90களில் நானும் ஒரு பக்தி கேசட்டுக்குத் தபேலா வாசித்தேன். முந்நூறு ரூபாய் கொடுத்தார்கள். அட்டையில் என் பெயர் இருந்த இடத்தில் கம்பெனிக்காரரின் மைத்துனர் பெயர். இன்றும் கோயில் ஸ்பீக்கரில் அது பாடினால் வீட்டில் சேனலை மாற்றச் சொல்வேன், ஸ்பீக்கருக்கு ஏது சேனல்!

ஒன்றை மறைக்க மாட்டேன். எண் என்பது விலாசம் மாதிரி. மணியார்டர் அனுப்ப ஆள் இருந்தால்தான் வரும். ஒருமுறை கூலி வாங்கிக்கொண்டு எல்லா உரிமையும் கொடுத்தேன் என்று கையெழுத்துப் போட்டிருந்தால், எண் இருந்தும் யூடியூப் பணம் கம்பெனிக்குத்தான். அந்த நான்கு பாட்டுக்கு என்ன காகிதத்தில் கையெழுத்துப் போட்டான் என்று பாருங்கள். காகிதமே இல்லையென்றால், பெயரையாவது சேர்க்கச் சொல்லி இன்றே எழுத்தில் கேட்கட்டும். அடுத்த பாட்டிலிருந்து, ஸ்டுடியோவை விட்டுக் கிளம்பும் முன் யார் மெட்டு, யார் வரி, யார் வாசிப்பு, யாருக்கு எத்தனை சதவீதம் என்று ஒரே தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும்.

படிப்பா? விருப்பமில்லாத இன்ஜினியரிங்குக்குக் கடன் வாங்காதீர்கள். ஆம்பூரிலிருந்து காலை ரயிலில் காட்பாடி இறங்கி, வேலூரில் ஒரு பி.காம். படித்துக்கொண்டே வாசிக்கலாம். கணக்கும் ஒப்பந்தமும் புரிந்த கீபோர்டுக்காரன் எனக்குத் தெரிந்து இந்தப் பக்கம் அதிகம் பேர் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அவனை அழைத்துக்கொண்டு என் அலுவலகத்துக்கு வாருங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு, ஸ்கேல், பான் கார்டு போதும். பாட்டு, தேதி, ஸ்டுடியோ, எண், யார் யார் என்று கட்டம் போட்டு, முதல் நான்கு வரியை அவன் கையாலேயே எழுத வைப்போம்.