குழந்தைகளுக்குப் புவியியலை விளையாட்டாகவும் அக்கம்பக்கத்தாரோடு சேர்ந்தும் கற்றுக்கொடுப்பது எப்படி?

தலைநகரங்களின் பெயர்களை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் தங்கள் ஒன்பது வயது மகளுக்கு, வாசலில் நின்றால் வடக்கு எந்தப் பக்கம் என்று சொல்லத் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் குடியிருப்பின் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேரை வார இறுதிகளில் சேர்த்துவைத்து இரண்டு ஆண்டுகளாக இதைச் செய்துவருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: பெயர்களைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள், அளப்பதிலிருந்து தொடங்குங்கள். நானே முதலில் தலைகீழாகத்தான் ஆரம்பித்தேன். நாடுகளை வெட்டி ஒட்டும் பெரிய அட்டைப் புதிர் ஒன்றைச் செய்து வைத்தேன்; இரண்டாவது வாரமே அதைச் சீந்துவாரில்லை.

பிறகு, அவரவர் வீட்டிலிருந்து விளையாட்டுத் திடல் வரையுள்ள வழியை நினைவிலிருந்து வரையச் சொன்னேன். பயமுறுத்தும் நாய் இருக்கும் வீடு எல்லாருடைய தாளிலும் மாளிகை அளவுக்கு இருந்தது. தினமும் கடந்துபோகும் நீண்ட மதிற்சுவரோ பாதிப் பேரின் தாளில் காணவே இல்லை. இருவருடைய வரைபடங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போய், யாருடையது சரி என்று சண்டை வந்ததே, அதுதான் பாடம் தொடங்கிய இடம். 20 மீட்டர் கயிற்றைத் தரையில் நீட்டி, அதன் ஓரமாக இயல்பாக நடந்து காலடிகளை எண்ணச் சொன்னேன். ஒரு சிறுமிக்கு 32 காலடிகள் வந்தன. அப்படியானால் அவளுடைய ஒரு காலடி 62.5 சென்டிமீட்டர். இனி அவள் எங்கே நடந்தாலும் அளவுகோல் அவள் காலிலேயே இருக்கிறது. தாளில் 1 சென்டிமீட்டர் என்றால் தெருவில் 5 மீட்டர் என்று வைத்துக்கொண்டு அனைவரும் சேர்ந்து வரைந்தபோது, ஒன்றுக்கு ஐந்நூறு என்ற அளவுத்திட்டத்தை யாரும் தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை.

திசைக்கு ஒரு கம்பு போதும். 1 மீட்டர் கம்பைச் சமதரையில் செங்குத்தாக நட்டு, காலை பதினொரு மணியிலிருந்து பிற்பகல் ஒன்றரை வரை கால் மணிக்கு ஒருமுறை நிழலின் நுனியில் கூழாங்கல் வைக்கச் சொல்லுங்கள். மிகக் குட்டையான நிழல் விழும் கோடு வடக்குத் தெற்காக இருக்கும். அது பெரும்பாலும் சரியாகப் பன்னிரண்டு மணிக்கு வராது என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடித்து, கடிகாரம் தவறு என்பார்கள். தவறு கடிகாரத்தில் இல்லை. ஒரு நாட்டுக்கோ பெரும் பகுதிக்கோ பொதுவாக ஒரு நேரத்தை வைத்துக்கொள்கிறோம், சூரியனோ ஒரு டிகிரி தீர்க்கரேகையைக் கடக்க 4 நிமிடம் எடுத்துக்கொள்கிறது. இதைச் சொல்வதற்கு அதைவிட நல்ல தருணம் வாய்க்காது.

இந்தக் கம்பிலேயே இன்னும் பெரிய விளையாட்டு ஒன்று இருக்கிறது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் எரடோஸ்தனிஸ் என்ற கிரேக்க அறிஞர், எகிப்தின் தெற்கிலுள்ள சையீன் நகரில் சூரியன் உச்சியில் நிற்கும் நாளில் வடக்கே அலெக்சாந்திரியாவில் நிழல் 7.2 டிகிரி, அதாவது முழு வட்டமான 360 டிகிரியில் ஐம்பதில் ஒரு பங்கு, சாய்வதை வைத்து, இரண்டு ஊர்களுக்கும் இடையிலுள்ள தொலைவு பூமியின் சுற்றளவில் ஐம்பதில் ஒரு பங்கு என்று கணக்கிட்டார். உங்களுக்கு வடக்கிலோ தெற்கிலோ தொலைவாக வசிக்கும் உறவினர் குழந்தைகளைத் தொலைபேசியில் கூட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில், அவரவர் ஊரில் நிழல் மிகக் குட்டையாக இருக்கும்போது அளந்து, கம்பையும் நிழலையும் தாளில் சிறிதாக வரைந்து, இரண்டின் நுனிகளையும் ஒரு கோட்டால் இணைத்து, கம்பின் உச்சியில் வரும் கோணத்தைப் பாகைமானியால் பார்க்க வேண்டும். இரண்டு ஊரிலும் நிழல் ஒரே பக்கம் விழுந்தால் கோணங்களைக் கழிக்கவும், எதிரெதிர்ப் பக்கம் விழுந்தால் கூட்டவும். இரண்டு ஊர்களுக்கும் இடையே வடக்குத் தெற்காக உள்ள தொலைவை அந்த விடையால் வகுத்தால், ஏறக்குறைய 111 கிலோமீட்டருக்கு ஒரு டிகிரி என்று வர வேண்டும். சற்று முன்பின் வந்தால் கவலைப்படாதீர்கள். கம்பு சாய்ந்திருந்ததா, நிழலின் நுனி மங்கலாக இருந்ததா என்று அவர்களே துப்பறிவார்கள்.

வரைபடத்தில் ஒரே உயரத்திலுள்ள இடங்களை இணைக்கும் சம உயரக் கோடுகளை நான் பள்ளியில் படித்தபோது கைரேகை போலிருக்கும் ஏதோ ஒன்று என்றுதான் நினைத்திருந்தேன். ஆழமான தட்டில் களிமண்ணால் ஒரு மலை செய்து, 1 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, தண்ணீர் தொடும் விளிம்பை ஈர்க்குச்சியால் கீறி, மறுபடி 1 சென்டிமீட்டர் ஊற்றுங்கள். மலை மூழ்கியதும் தண்ணீரை வடித்துவிட்டு நேர்மேலிருந்து பார்க்கச் சொல்லுங்கள். கோடுகள் நெருங்கியிருந்த பக்கத்தைத் தொட்டுப் பார்த்த ஒரு பையன், “இந்தப் பக்கமா ஏறினா மூச்சு வாங்கும்” என்றான். அதற்குமேல் அந்தப் பாடத்தில் சொல்ல என்ன இருக்கிறது?

அக்கம்பக்கத்தாரை எப்படிச் சேர்ப்பது என்றும் கேட்டிருக்கிறீர்கள். பிள்ளைகள் வரைந்த தெருப்படத்தைப் பெரிதாக்கி ஒரு சுவரில் ஒட்டிவிட்டு, நெடுநாள் அங்கே வசிக்கும் முதியவர்களிடம் மூன்றே கேள்விகளோடு அவர்களை அனுப்புங்கள்: மழைவெள்ளம் எதுவரை வந்தது, இப்போது வீடு இருக்கும் இடத்தில் முன்பு என்ன இருந்தது, இந்தத் தெருவின் பெயர் எப்படி வந்தது. கிடைக்கும் பதில்களை வண்ணப் பென்சிலால் படத்தில் குறித்துவர வேண்டும். எங்கள் படத்தில் வெள்ளம் நின்றதாக ஐந்து பேர் காட்டிய இடங்கள் ஒரே கோட்டில் அமைந்தன. அடுத்த மழையில் காகிதக் கப்பல்களோடு போய்ப் பார்த்தால், தண்ணீர் அந்தக் கோட்டில்தான் ஓடியது. மழைநீர் வடிந்து ஒரே வழியில் வந்து சேரும் நிலப்பரப்பைக் குறிக்கும் வடிநிலம் என்ற சொல்லை அன்றைக்குத்தான் சொன்னேன். பெரியவர் ஒருவர் கூடவே போக வேண்டும் என்பதையும், யார் எந்த வீட்டில் இருக்கிறார்கள் என்று பெயர் எழுதக் கூடாது என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள்.

உலகப்படம் இவற்றுக்கெல்லாம் பிறகு வரட்டும். பழைய ரப்பர் பந்தை வெட்டி, கிழியாமல் தட்டையாக்கும்படி பந்தயம் வையுங்கள், யாராலும் முடியாது. உருண்டையான பூமியைத் தாளில் விரிக்கும்போதும் இப்படித்தான், எங்காவது வடிவமோ அளவோ மாறிவிடும். 1569இல் மெர்கேட்டர் என்ற வரைபட வல்லுநர் வகுத்த முறையில் வரைந்த படத்தில் கிரீன்லாந்து ஆப்பிரிக்காவுக்கு இணையாகத் தோன்றினாலும், உண்மையில் ஆப்பிரிக்கா அதைப் போல் சுமார் 14 மடங்கு பெரிது என்பது அப்போது வியப்பாக இருக்குமே தவிரப் புதிராக இருக்காது.

உங்கள் மகளுக்குக் கம்பிலிருந்தே தொடங்குங்கள். மேகமில்லாத நாளாகப் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் முதல் முயற்சியில் பதினொன்றே முக்காலுக்கு வானம் மூடிக்கொள்ள, மூன்று கூழாங்கற்களோடு வீட்டுக்குப் போய், மறுவாரம்தான் வடக்கைக் கண்டுபிடித்தோம்.