சர்வீஸ் முடிந்த மறுநாளே பைக்கில் மிஸ்ஸிங் வருவது ஏன்?

சர்வீஸுக்கு முன் ஒழுங்காக ஓடிய கார்புரேட்டர் வண்டியில் இப்போது மிஸ்ஸிங் (எஞ்சின் சீராக எரியாமல் விட்டுவிட்டுத் தடுமாறுவது) வருகிறது என்றால், தேய்மானத்தைச் சந்தேகிப்பதற்கு முன் மெக்கானிக்கின் கை பட்ட இடங்களைப் பார்ப்பதே முறை.

முதலில் ஸ்பார்க் பிளக் கேப், அதாவது பிளக்கின் தலையில் மாட்டும் ஒயர் மூடி. அது முழுதாக அமராமல் மேலோட்டமாக நிற்பதுண்டு. சரியாக அமர்ந்தால் அந்தப் பிடிப்பு விரலுக்கே தெரியும். பல்சர் 150 போன்ற இரட்டைப் பிளக் வண்டிகளில் ஒன்று வேலை செய்யாவிட்டாலும் எஞ்சின் ஓடும் என்பதால், இந்தக் கோளாறு எளிதில் ஏமாற்றிவிடும். எஞ்சின் ஆறியதும் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்: நுனி பெட்ரோலில் நனைந்திருந்தால் பெரும்பாலும் பொறி வரவில்லை, வெளிறி வெண்மையாக இருந்தால் காற்று அதிகம், அதாவது கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள ரப்பர் இணைப்பின் கிளாம்ப் தளர்ந்திருக்கலாம், கரி படிந்திருந்தால் ஏர் ஃபில்டரையும் சோக்கையும் கவனியுங்கள். பிளக்கின் நுனியில் பொறி பாயும் இடைவெளி பல வண்டிகளுக்கு 0.7 முதல் 0.8 மி.மீ. வரை இருக்கும்.

குளிர்ந்த நிலையில் நன்றாக ஓடி, சூடேறிய பின்பே தடுமாறினால், டேப்பெட்டை (வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் இடையிலுள்ள சிறு இடைவெளியை) அளவுக்கு மீறி இறுக்கியிருப்பார்கள் என்றே நான் நினைப்பேன்; சத்தமே கேட்கக் கூடாது என்று நாம் வற்புறுத்துவதாலும் இது நடக்கிறது. வால்வு முழுதாக மூடாவிட்டால் அழுத்தம் கசிவதோடு நாளடைவில் வால்வே கருகிவிடும் ஆதலால், வண்டியை மேலும் ஓட்டாமல் டேப்பெட் இடைவெளியைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.