வேலை வாங்கிக் குடுக்கிற வேலை

வாசகர் கடிதம்:

அண்ணா வணக்கம். நீங்க முன்னாடி கம்பெனிகளுக்கு ஆள் தேடித் தர்ற ஸ்டாஃபிங் ஏஜென்சில ஆறு வருஷம் இருந்ததா எழுதியிருந்தீங்க, அதான் உங்ககிட்ட கேக்கறேன். நான் ரெண்டு வருஷமா ரெக்ரூட்டரா இருக்கேன். போன வாரம் மூணு பேர் ஆஃபரை வாங்கிட்டு ஜாயினிங்குக்கு வரலை. மேனேஜரும் என்னைத்தான் திட்றார், கிளையன்ட்டும் என்னைத்தான் கேக்குறாங்க. வீட்ல 'புரோக்கர் வேலைதானே'ன்னுட்டாங்க. ஆனா ஒருத்தர் செலக்ட் ஆயிட்டேன்னு போன் பண்ணும்போது எல்லாம் மறந்துடுது. இதுல இருக்கறதா விடறதா? பேர் போட வேண்டாம்.

பதில்:

தம்பி வணக்கம். ஒரே வாரத்துல மூணு ட்ராப் அவுட்னா எப்படி இருந்திருக்கும்னு எனக்குத் தெரியும்.

உழைப்பு ஒரு சரக்கு இல்லைன்னு சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1944லயே பிலடெல்ஃபியா பிரகடனத்துல எழுதி வச்சது, அதோட அர்த்தம் எனக்கு இந்த வேலைல இருந்தப்பதான் புரிஞ்சுது. சரக்குன்னா வச்ச எடத்துல இருக்கும், நமக்கு ரெண்டு பக்கமும் மனுஷங்க. கேண்டிடேட் நோட்டீஸ் பீரியட்ல இருப்பார், நாம வாராவாரம் போன் பண்ணி பேசிட்டே இருப்போம், அவர் ராஜினாமா குடுத்ததைப் பாத்து பழைய கம்பெனி சம்பளத்தை ஏத்தி கவுன்டர் ஆஃபர் குடுக்கும், இல்லைன்னா நம்ம ஆஃபரைக் காட்டி வேற எடத்துல கூட வாங்கிருப்பார், ஜாயினிங் அன்னிக்குக் காலைல போன் சுவிட்ச் ஆஃப். அவர் குடும்பத்தை நெனச்சா அவர் பண்ணதுல நியாயம் இருக்கு. ஆனா ஆள் சேந்தாதான் ஃபீஸ்ங்கிற அக்ரிமென்ட்ல நமக்கு சல்லிக்காசு தேறாது, சேந்தவர் ரிப்ளேஸ்மென்ட் பீரியட், அதாவது அக்ரிமென்ட்ல நாம பொறுப்பேத்துக்கிட்ட காலம், முடியறதுக்குள்ள விட்டுட்டுப் போனாலும் இன்னொரு ஆளை சும்மா தேடித் தரணும். கிளையன்ட் அதுக்கும் மேல. அர்ஜென்ட்னு ரிக்வயர்மென்ட் வரும், ராத்திரி உக்காந்து பத்து ரெஸ்யூம் அனுப்பினா மூணு வாரத்துக்கு சத்தமே இருக்காது, அப்புறம் 'பொசிஷன் ஹோல்டு', அதாவது இப்போதைக்கு ஆள் எடுக்கலைன்னு, ஒத்தை வரில மெயில்.

புரோக்கர்னு சொன்னதுக்கு வருத்தப்படாதீங்க, ஆனா ஒண்ணு மட்டும் பாருங்க, காசு யார்கிட்டேருந்து வருதுன்னு. அதே சர்வதேச தொழிலாளர் அமைப்போட 1997ம் வருஷத்து 181வது உடன்படிக்கைல, தனியார் ஏஜென்சி தொழிலாளிகிட்ட நேரடியாவோ சுத்தி வளைச்சோ கட்டணம் வாங்கக் கூடாதுங்கறதுதான் பொது விதி, விதிவிலக்கு கொஞ்சம் உண்டு. வேலை தேடி வர்றவர் கையில காசு இல்லாமத்தானே வர்றார். உங்க ஏஜென்சி ரெஜிஸ்ட்ரேஷன், ட்ரெயினிங், டெபாசிட்னு எந்தப் பேர்ல கேண்டிடேட்கிட்ட காசு வாங்கினாலும் அன்னிக்கே வெளிய வந்துடுங்க, அதுல யோசிக்கவே வேண்டாம்.

இனி அந்த 'எல்லாம் மறந்துடுது'ங்கற விஷயம். எனக்கு ஒருத்தங்க ஞாபகம். அக்கவுன்ட்ஸ்ல நல்ல அனுபவம், குழந்தைக்காக நாலு வருஷம் வேலையை விட்டிருந்தாங்க. மூணு கிளையன்ட்டுக்கு அனுப்பினேன், மூணு பேரும் அந்த நாலு வருஷ கேப்பைப் பாத்துட்டு ரெஸ்யூமை ஓரமா வச்சுட்டாங்க. ஒவ்வொரு தடவையும் நானே போன் பண்ணி இல்லைன்னு ஆயிடுச்சும்மா, காரணம் இதுதான்னு சொல்லிடுவேன். மூணாவது தடவை, "மத்த எடத்துலேருந்து பதிலே வராது சார், நீங்கதான் இல்லன்னு சொல்றதுக்குக் கூட கூப்பிடறீங்க"ன்னாங்க, அப்படியே பேச்சுவாக்குல அந்த நாலு வருஷமும் அவங்க குடியிருப்போட வரவு செலவு கணக்கு மொத்தத்தையும் தான்தான் பாத்தேன்னு சொல்றாங்க! அது ரெஸ்யூம்ல ஒரு வரி கூட இல்லை, அதெல்லாம் வேலையில சேராதுன்னு விட்டுட்டாங்க. அதை முதல் பக்கத்துல ஏத்தி, நாலாவது கிளையன்ட்டுக்கு மெயில் மட்டும் அனுப்பாம போன்லயும் பேசினேன். எடுத்துக்கிட்டாங்க. ஜாயின் பண்ண அன்னிக்கு மத்தியானம் ஐடி கார்டை போட்டோ எடுத்து அனுப்பியிருந்தாங்க, கயிறு முறுக்கிக்கிட்டு, கை ஆடி பாதி மங்கலா. ரெண்டு வருஷம் கழிச்சு அவங்க டீமுக்கு ஆள் வேணும்னப்போ முதல் போன் எனக்குத்தான் வந்துச்சு.

அதனால என்னோட எண்ணம், ஆஃபர் ஆனவரை நீங்க கூப்பிடறது பெரிசில்லை, அதுக்கு எல்லாருமே ஓடி வருவோம். ரிஜெக்ட் ஆனவருக்கு போன் போகாததுதான் இந்தத் தொழில்ல நான் பாத்ததுலயே மோசமான பழக்கம், ஒரு நாளைக்கு அம்பது கால் பேசணும்கற டார்கெட்ல முதல்ல அடிபடறதும் அந்த கால்தான். கான்ட்ராக்ட்ல போட்ட ஆளுங்க விஷயத்துலயும் இதே கதைதான், சூப்பர்வைசர் டைம்ஷீட்ல, அதாவது அவங்க வேலை பாத்த நேரக் கணக்குல, அப்ரூவல் போடாம லீவ்ல போயிடுவார், ஆளோட சம்பளம் நிக்கும், யாரும் அந்த ஆள்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டாங்க.

இருக்கறதா விடறதான்னு கேட்டீங்க. இருங்கன்னுதான் சொல்வேன். சம்பளத்தையும் ஷிஃப்ட்டையும் மறைச்சுப் பேசச் சொல்ற மேனேஜரா இருந்தா ஏஜென்சியை மட்டும் மாத்துங்க. இந்த வாரம் அந்த மூணு பேருக்கும் ஒரு தடவை போன் பண்ணுங்க, திட்ட வேண்டாம், எந்த எடத்துல மனசு மாறுச்சுன்னு மட்டும் கேளுங்க. என்ன சொன்னாங்கன்னு எனக்கும் எழுதுங்க.