சாலட் கீரையும் தக்காளியும் பயிரிடுகிறேன். அறுவடைக்குப் பிறகு குளோரின் தண்ணீரில் நன்றாகக் கழுவிக் கொடுத்தால் உணவுப் பாதுகாப்புக்குப் போதுமா?

போதாது. நானும் பச்சையாகச் சாப்பிடும் கீரைதான் பயிரிடுகிறேன். கழுவினால் கிருமி குறையும், முழுதாகப் போகாது. வெட்டுப்பட்ட காம்பிலும் இலை மடிப்பிலும் புகுந்துவிட்டதைக் குளோரின் எட்டாது. தொட்டியில் குளோரின் போடுவதே, ஓர் இலையில் உள்ள கிருமி தண்ணீர் வழியாக மற்ற இலைகளுக்கெல்லாம் பரவாமல் தடுக்கத்தான். தண்ணீர் மண்ணால் கலங்கக் கலங்க குளோரின் தீர்ந்துகொண்டே போகும்; தண்ணீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 7.5-ஐத் தாண்டினால் மிச்சமிருப்பதும் வீரியம் இழக்கும். காலையில் ஒரு தடவை ஊற்றிவிட்டு மாலைவரை அதே தண்ணீரில் அலசினால், சுத்தமாக இருந்த கட்டுக்கும் நாமே கிருமியை ஏற்றுகிறோம்.

தக்காளியில் இன்னொரு சிக்கல். வெயிலில் பறித்த சூடான பழத்தைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டால், உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, காம்பு இருந்த தழும்பு வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். அதோடு உள்ளே போன கிருமியை வெளியிலிருந்து எதுவும் தொட முடியாது. தொட்டித் தண்ணீர் பழத்தின் உட்சூட்டைவிட ஐந்தாறு டிகிரி செல்சியஸ் கூடுதலாக இருக்கட்டும் என்பது இதனால்தான்.

ஆகவே பாசனத் தண்ணீரிலிருந்து தொடங்குங்கள். அமெரிக்காவில் 2006-ல் பசலைக்கீரையால் ஏறத்தாழ 200 பேர் ஈ.கோலை என்ற குடல் கிருமியின் தொற்றில் விழுந்தார்கள். சந்தேகப்பட்ட வயலின் பக்கத்தில் மாட்டுச் சாணம், காட்டுப்பன்றிக் கழிவு, ஆற்றுநீர் எல்லாவற்றிலும் அதே கிருமி இருந்தது. 2015-ல் அந்த நாடு விளைபொருளுக்கென்று கொண்டுவந்த விதி, பாசனத் தண்ணீருக்கு ஈ.கோலை எண்ணிக்கையில் வரம்பு வைத்தது. 2024-ல் அதை மாற்றி, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, மேட்டில் கால்நடை உண்டா, மழை எதை அடித்து வருகிறது, இலையில் படுகிறதா வேரில் விழுகிறதா என்று ஆண்டுக்கு ஒரு முறையாவது விவசாயியே ஆராய்ந்து எழுதிவைக்கச் சொன்னது. எனக்கு இது சரியாகப் படுகிறது. ஒரு பாட்டிலில் எடுத்துச் சோதித்த தண்ணீர் அன்றைய நிலையைத்தான் சொல்லும். அறுவடைக்குப் பின் கழுவும் நீருக்கும் கை கழுவும் நீருக்கும் சலுகை இல்லை: 100 மில்லியில் ஈ.கோலை தென்படவே கூடாது.

எருவுக்கு வருவோம். பச்சைச் சாணம் போட்டால், மண்ணில் படும் விளைச்சலுக்கு 120 நாள், படாததற்கு 90 நாள் அறுவடைக்கு முன் இடைவெளி வேண்டும் என்பது அமெரிக்க இயற்கை விவசாய விதி. மட்கிய எருவென்றால், குவியலின் உள்ளே 55 டிகிரி சூடு 15 நாளாவது நிற்க வேண்டும், அதற்குள் ஐந்து முறை புரட்ட வேண்டும். ஓரத்தில் சூடு ஏறாது, அதனால்தான் புரட்டுவது.

அப்புறம் ஆட்கள். கழிப்பறை பக்கத்தில் இருக்க வேண்டும், சோப்பும் ஓடும் தண்ணீரும் வேண்டும். கையில் தடவும் சானிடைசர் அதற்கு மாற்று ஆகாது. வயிற்றுப்போக்கு உள்ள ஆளை அறுவடைக்கு விடாதீர்கள், அன்றைய கூலியையும் கொடுத்துவிடுங்கள். கூலி போய்விடும் என்றால் யாரும் வாய் திறந்து சொல்லமாட்டார்கள்.

பதிவேட்டை வெறும் காகித வேலை என்று ஒதுக்காதீர்கள். 2011-ல் ஜெர்மனியில் ஈ.கோலை தொற்றால் 50 பேருக்கு மேல் இறந்தபோது முதலில் பழி விழுந்தது ஸ்பெயின் வெள்ளரிக்காய் மேல். பறித்த வெள்ளரி விற்காமல் அழிந்தது. முளைகட்டிய வெந்தயம்தான் காரணம் என்பது, எந்த உணவகத்துக்கு எந்தச் சரக்கு போனது என்று பின்னோக்கித் தேடிய பிறகே தெரிந்தது. எந்தப் பாத்தி, எந்தத் தேதி, யார் வாங்கினார் என்ற மூன்றையும் ஒவ்வொரு பெட்டிக்கும் குறித்து வையுங்கள். சான்று கேட்டு வருபவரும் முதலில் அந்த ஏட்டைத்தான் புரட்டுவார்.